மூன்று மணி நேரமும் நாலு வருஷமும்

இந்த வாரம் ஒரு சின்னக் கணக்குடன் ஆரம்பிக்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். கதாநாயகி கிணற்றங்கரையில் கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறாள் என்பது எனக்கும் தெரியும். அவள் அடுத்த வாரம் வரையில் அங்கேயேதான் நிற்கப் போகிறாள். நீங்கள் நிதானமாகப் போகலாம்!

1987-ம் வருஷம். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணம். ஹைஸ்கூல் படிப்பை முடித்துக் காலேஜுக்குப் போகும் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களாகப் பொறுக்கி, அந்த மாகாண சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்து வந்தது. அதில் இரண்டு தினுசு. 'ரீஜண்ட்ஸ்' உபகாரச் சம்பளம் என்பது சின்னது. வருஷத்துக்கு 250 டாலர். 25,000 பேருக்குக் கிடைக்கும். 'எம்பயர் ஸ்டேட்' உபகாரச் சம்பளம் என்பது பெரியது. வருஷத்துக்கு 2,000 டாலர், ஐந்து வருஷம் வரையில். ஆனால் மாகாணம் முழுவதற்கும் ஆயிரம் பேருக்குத்தான்.

போட்டியிட்டவர்களில் நூற்றுக்கு 53 பேர் பெண்கள். 47 பேர் பையன்கள். அந்த ஆயிரம் பெரிய பரிசுகளில் பெண்களுக்கு எத்தனை போயிருக்க வேண்டும்? ஐந்நூறு சொச்சம் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். போனது நூற்றுக்கு 28. பாக்கி 72 பங்கும் பையன்களுக்கு. சின்னப் பரிசிலும் பெண்கள் பங்கு 43 தான்.

"அந்த ஊர்ப் பெண்கள் படிப்பில் மட்டம் போலிருக்கிறது" என்று யாராவது மீசையைத் தடவிக்கொண்டு சொல்லலாம். அதுதான் இல்லை. பள்ளிக்கூட மார்க்குகளை எடுத்துப் பார்த்தால் பெண்கள் பையன்களுக்குச் சமமாகவோ, ஒரு படி மேலாகவோ இருந்தார்கள். காலேஜில் சேர்ந்த பிறகும் அப்படியே. பள்ளிக்கூடத்திலும் முந்தி, காலேஜிலும் முந்துகிறவர்கள், நடுவிலே பரிசு கொடுக்கிற இடத்தில் மட்டும் எப்படிப் பிந்தினார்கள்?

விஷயம் இதுதான்: பரிசு கொடுப்பதற்கு நியூயார்க் சர்க்கார் பள்ளிக்கூட மார்க்கைப் பார்க்கவே இல்லை. எஸ்.ஏ.டி. என்று ஒரு பொதுப் பரீட்சை இருக்கிறது. காலேஜில் இடம் தேடுகிற பிள்ளைகள் எழுதுவது. அப்போதெல்லாம் மூன்று மணி நேரம், ஆங்கிலமும் கணக்கும், நாலைந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்து பென்ஸிலால் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். (ஏ.ஸி.டி. என்று இன்னொரு பரீட்சையும் உண்டு; எழுதியவர்கள் அதையும் காட்டலாம்.) அந்த ஒரு நாள் மார்க்கை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே வந்து, ஆயிரமாவது பேருடன் கோட்டைக் கிழித்து விடுவார்கள். அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிப்பு நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் எழுதிய கட்டுரை, செய்த வீட்டுப் பாடம், ஜுரத்துடன் போய் எழுதிய பரீட்சை எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை மார்க்கு என்று கேட்டால், பூஜ்யம்!

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களைக் கொடியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இதன் பூர்வோத்தரம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. நல்ல எண்ணத்தில் பிறந்ததும் கூட.

எஸ்.ஏ.டி. பரீட்சை முதன் முதலில் நடந்தது 1926-ம் வருஷம் ஜூன் மாதத்தில். தயாரித்தவர் கார்ல் பிரிகம் என்னும் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை மனோதத்துவ நிபுணர். முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்தவர்களின் புத்தியை அளப்பதற்கென்று ஒரு பரீட்சை வைத்தார்கள். அதன் வாரிசுதான் இது. முதல் தடவை எழுதியவர்கள் சுமார் 8,000 பேர். 97 நிமிஷத்தில் 315 கேள்விகள்! ஒரு கேள்விக்குப் பத்தொன்பது விநாடி கூட இல்லை. ரசத்தில் உப்புப் பார்ப்பதற்கே நமக்கு அதை விட அதிக நேரம் ஆகும்.

பிறகு 1933-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராக ஜேம்ஸ் கோனன்ட் என்னும் ரசாயன சாஸ்திரி வந்தார். அவருக்கு ஒரு மனக்குறை. ஹார்வர்டில் படிக்கிறவர்கள் எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைகள். பரம்பரையாக அதே நாலைந்து உயர்ந்த பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால், சோளக் கொல்லைகளுக்கு நடுவில், யாரும் கேள்விப்படாத ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜமான புத்திசாலி ஒருவன் இருந்தால் அவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அவனுடைய வாத்தியார் கொடுத்த மார்க்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு வழி தேடச் சொல்லி ஹென்றி சான்ஸி என்னும் தம் உத்தியோகஸ்தரிடம் ஒப்படைத்தார். சான்ஸி கண்டெடுத்தது இந்தப் பரீட்சையைத்தான். 1934-லிருந்து ஹார்வர்டின் தேசிய உபகாரச் சம்பளத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க எஸ்.ஏ.டி. உதவியது. எந்த ஊர், எந்தப் பள்ளி, அப்பா என்ன உத்தியோகம் என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். ஏழைப் பிள்ளைக்கு அது ஒரு கதவுதானே?

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கதவைத் திறந்தது பையன்களுக்காக. அன்றைய ஹார்வர்டு ஆண்கள் காலேஜ். பெண்களுக்குப் பக்கத்தில் ராட்கிளிஃப் என்று தனிக் காலேஜ். 'மறைந்து கிடக்கும் மாணிக்கம்' என்று அவர்கள் தேடியபோது, அந்த மாணிக்கத்துக்குப் பாவாடை கட்டிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

நியூயார்க்குக்குத் திரும்புவோம். அந்த மாகாணத்தின் ரீஜண்ட்ஸ் உபகாரச் சம்பளம் 1913-லேயே ஏற்பட்டது. பள்ளியில் நன்றாகப் படித்தவர்களுக்கு வெகுமதி என்பதுதான் அதன் நோக்கம். வெகுகாலம் மாகாணமே தேர்வுக்கு ஏற்பாடு செய்து வந்தது. தனியாகப் பரீட்சை வைப்பதென்றால் செலவு ஆகிறது. எஸ்.ஏ.டி.யைத்தான் பிள்ளைகள் எப்படியும் எழுதுகிறார்களே, அதையே எடுத்துக் கொண்டால் என்ன என்று தோன்றிவிட்டது. 1970-களின் பிற்பகுதியில் அப்படியே செய்தார்கள். சிக்கனம்தான். வேறு காரியத்துக்காகச் செய்து வைத்திருந்த அளவுகோல் கையருகில் இருந்தது. அதை எடுத்துக் கொண்டார்கள்.

வேறு காரியம் என்றேனே, அதை விளக்க வேண்டும். எஸ்.ஏ.டி. எதற்காக ஏற்பட்டது? ஒரு பிள்ளை காலேஜில் முதல் வருஷத்தில் எப்படிப் படிப்பான் என்று உத்தேசமாகச் சொல்வதற்கு. ஜோசியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் நம்பத் தகுந்த ஜோசியம். ஹைஸ்கூலில் அவன் இதுவரையில் என்ன சாதித்தான் என்று அளப்பது அதன் வேலை அல்ல. உபகாரச் சம்பளமோ, இதுவரையில் சாதித்ததற்குக் கொடுக்கிற பரிசு. பாலை அளக்கிற ஆழாக்கை வைத்துக்கொண்டு புடவையை அளந்த கதைதான்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் பெயர்ப் பட்டியல் வெளியானதும் பெண்கள் சங்கங்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. கேள்வி சட்டசபை வரையில் போயிற்று. 1988-ம் வருஷப் பரிசுக்கு மட்டும் பள்ளிக்கூட மார்க்கையும் எஸ்.ஏ.டி. மார்க்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஒரு வருஷம் பெண்களின் பங்கு கணிசமாக உயர்ந்தது. அதே பெண்கள், அதே பள்ளிகள், அதே பரீட்சை. கூடச் சேர்த்தது நாலு வருஷத்து மார்க்குப் புத்தகத்தை மட்டும்தான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அடுத்த வருஷத்துக்குக் கல்வி இலாகா பழையபடி எஸ்.ஏ.டி. ஒன்றே போதும் என்று திரும்பிவிட்டது! காரணம் கேட்டபோது, "சில பள்ளிக்கூடங்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்று மார்க்கை வாரி வழங்குகின்றன, அதை எப்படி நம்புவது?" என்றார்கள்.

அப்போதுதான் ஹைஸ்கூல் கடைசி வகுப்பில் படித்துக் கொண்டிருந்த சில மாணவிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பதினேழு வயது, பதினெட்டு வயதுப் பெண்கள். எதிர்த்தது யாரை? தங்கள் மாகாணத்தின் கல்வி இலாகாவை. நம் வீட்டில் அந்த வயசுப் பெண் பக்கத்துக் கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்துவிட்டான் என்று திரும்பிப் போய்க் கேட்டால் கூட, "போனால் போகிறது, விடு" என்போம். இவர்களோடு பெண் குழந்தைகளின் நலத்துக்கான ஒரு சங்கமும், தேசியப் பெண்கள் அமைப்பின் நியூயார்க் கிளையும் சேர்ந்து கொண்டன. அமெரிக்கக் குடியுரிமைச் சங்கத்தின் வக்கீல்கள் வாதாடினார்கள்.

வழக்கு மன்ஹாட்டனிலுள்ள மத்திய சர்க்கார் கோர்ட்டில் ஜட்ஜ் ஜான் வாக்கர் முன்னிலையில் வந்தது. 1989-ம் வருஷம் பிப்ரவரியில் அவர் தீர்ப்புச் சொன்னார். எஸ்.ஏ.டி. மார்க்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த உபகாரச் சம்பளங்களைக் கொடுக்கக் கூடாது என்று தடை உத்தரவு. மத்திய சர்க்காரின் பணம் பெறும் எந்தக் கல்வி ஏற்பாட்டிலும் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்று 1972-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தை ஜட்ஜ் எடுத்துக் காட்டினார்.

தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெண்களைத் தள்ள வேண்டும் என்று கல்வி இலாகா நினைத்ததாக யாருமே சொல்லவில்லை. ஜட்ஜும் சொல்லவில்லை. நினைத்தார்களா இல்லையா என்பதல்ல கேள்வி என்று விட்டுவிட்டார். வருஷா வருஷம் பலன் ஒரே பக்கமாகச் சாய்கிறது, அந்த அளவுகோலுக்கும் பரிசின் நோக்கத்துக்கும் சரியான சம்பந்தமும் காணோம், அது போதும். "நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே" என்பது பதில் ஆகாது. குடும்பத்தில் பெண்களுக்கு நடக்கிற பல காரியங்களை இந்த வாக்கியத்துடன் பொருத்திப் பாருங்கள். சரி, அது வேறு கட்டுரை.

மார்க்கை வாரி வழங்குகிறார்கள் என்ற வாதத்துக்கும் விடை கிடைத்தது. பள்ளி மார்க்கும் பரீட்சை மார்க்கும் சேர்ந்தால், ஒன்றின் குறையை மற்றொன்று கொஞ்சம் சரிக்கட்டும். சோளக் கொல்லைப் பையனுக்குப் பரீட்சை சாட்சி. நாலு வருஷம் பாடுபட்ட பெண்ணுக்குப் பள்ளி மார்க்கு சாட்சி. இரண்டு சாட்சி இருக்கும்போது ஒரு சாட்சியை மட்டும் கூப்பிட்டு விசாரிப்பானேன்?

இந்த இடத்தில் நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. "அதெல்லாம் இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் தானே? பெண்கள் ஏன் குறைவாக வாங்கினார்கள்?"

நியாயமான கேள்வி. 1988-ல் மொத்தம் 1,600-க்கு, பெண்களின் சராசரி பையன்களுடையதை விட ஐம்பதுக்கு மேல் குறைவு. அதில் பெரும் பங்கு கணக்கில். இதற்கு ஒரே காரணம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பல சேர்ந்திருக்கின்றன. முதலாவது, இந்தப் பரீட்சையை எழுதுகிற பெண்கள் பையன்களை விடத் தொகையில் அதிகம். அதாவது, காலேஜ் ஆசை இல்லாத சுமாரான பையன் வீட்டிலேயே நின்றுவிடுகிறான்; ஏழை வீட்டிலிருந்தும் பெண்கள் தைரியமாக வந்து எழுதுகிறார்கள். அதனால் சராசரி தாழும். பரீட்சையை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் இந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது.

இரண்டாவது, பையன்களின் மார்க்குகள் அதிகமாகச் சிதறிக் கிடக்கும். உச்சியிலும் அவர்கள் அதிகம். அடியிலும் அவர்கள் அதிகம். அடியில் இருக்கிறவனை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை. பரிசு எவ்வளவு குறைந்த பேருக்கோ, அவ்வளவுக்கு உச்சியை மட்டும் பார்க்க வேண்டி வருகிறது. 25,000 பரிசில் பெண்கள் பங்கு 43 என்றும், 1,000 பரிசில் 28 என்றும் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதுதான் வேடிக்கை. அந்தக் காலத்து எஸ்.ஏ.டி.யில் ஐந்து விடைகள் கொண்ட கேள்வி ஒன்றுக்குத் தப்பாக விடை எழுதினால் கால் மார்க்கு வெட்டு. தெரியாததை விட்டுவிட்டால் வெட்டு இல்லை. இந்த மாதிரிப் பரீட்சைகளில் பெண்கள் நிச்சயமாகத் தெரியாத கேள்வியைத் தொடாமல் விட்டுவிடுவதும், பையன்கள் குத்துமதிப்பாக ஒன்றைக் குறித்து விடுவதும் அதிகம் என்று ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. 'தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே' என்று பெண்ணுக்குச் சொல்லி வளர்க்கிறோம். நல்ல குணம்தான். ஆனால் ஐந்து விடைகளில் இரண்டு தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால், மீதி மூன்றில் ஒன்றைத் துணிந்து குறித்தால் லாபமே தவிர நஷ்டம் இல்லை. அந்த அடக்கம் மார்க்கைத் தின்றுவிட்டது! கால் மார்க்கு வெட்டும் வழக்கத்தை 2016-ல்தான் எஸ்.ஏ.டி.யில் எடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. ஒரே எஸ்.ஏ.டி. மார்க்கு வாங்கிய ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் காலேஜில் விட்டால், முதல் வருஷ முடிவில் சராசரியாகப் பெண்தான் சற்று அதிக மார்க்கு வாங்குகிறாள். பெண்கள் விஷயத்தில் இந்த ஜோசியம் கொஞ்சம் குறைத்தே சொல்கிறது.

நியூயார்க் ஒரு மாகாணம். தேசம் முழுவதற்குமான போட்டி இன்னொன்று உண்டு. இந்தியர்கள் குடியேறிய வீடுகளில் நன்றாகவே அடிபடும் பெயர் அது: 'நேஷனல் மெரிட்'. 1955-ல் ஃபோர்டு தர்ம ஸ்தாபனமும் கார்னெகி ஸ்தாபனமும் கொடுத்த பணத்தில் இதை நடத்த ஒரு தனி நிறுவனம் ஏற்பட்டது. முதல் வருஷம் பரிசு பெற்றவர்கள் 555 பேர். 1971 முதல், எஸ்.ஏ.டி.க்கு முன்னோடியான பி.எஸ்.ஏ.டி. என்ற பரீட்சையே இதற்கு நுழைவாயில். பதினோராம் வகுப்பில் அக்டோபர் மாதம் நடப்பது. இப்போதெல்லாம் வருஷத்துக்குச் சுமார் 13 லட்சம் பேர் இந்தப் போட்டியில் இறங்குகிறார்கள். அதில் 50,000 பேர் முதல் சல்லடையில் நிற்பார்கள். அவர்களில் சுமார் 16,000 பேர் அரையிறுதிக்குப் போவார்கள். கடைசியில் உபகாரச் சம்பளம் பெறுவோர் ஏழாயிரம் பேர் வரையில். நிறுவனம் நேரடியாகக் கொடுக்கும் தொகை ஒரே தடவை 2,500 டாலர்தான். ஆனால் பெயருக்கு மதிப்பு அதிகம். இறுதிச் சுற்றுக்கு வந்த பிள்ளைகளைத் தங்களிடம் இழுப்பதற்காக, படிப்புச் செலவில் பெரும் பகுதியைத் தாங்களே ஏற்கும் சர்வகலாசாலைகளும் உண்டு.

இங்கே பள்ளி மார்க்கையும் பார்க்கிறார்கள். கட்டுரையும், தலைமை ஆசிரியரின் சிபார்சும் கேட்கிறார்கள். ஆனால் எப்போது? அரையிறுதிக்கு வந்த பிறகு. முதல் வாசலில் பரீட்சை மார்க்கு ஒன்றுதான் காவல்காரன். அவன் உள்ளே விட்டால்தானே மற்றதெல்லாம்? பரீட்சை எழுதியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அரையிறுதியில் நூற்றுக்குச் சுமார் நாற்பதுதான் பெண்கள். 1990-களின் தொடக்கத்தில் நிலைமை இது. 1994-ல் 'ஃபேர்டெஸ்ட்' என்னும் பரீட்சைக் கண்காணிப்பு அமைப்பு மத்திய கல்வி இலாகாவிடம் புகார் கொடுத்தது. இரண்டு வருஷம் பேச்சு நடந்தது. 1996-ல் ஓர் உடன்படிக்கை. 1997 அக்டோபரிலிருந்து பி.எஸ்.ஏ.டி.யில் ஆங்கில எழுத்துத் திறனைச் சோதிக்கும் ஒரு புதுப் பகுதி சேர்ந்தது. அது பெண்கள் நன்றாகச் செய்கிற பகுதி. வித்தியாசம் குறைந்தது; அடியோடு தீரவில்லை.

உங்களுக்குத் தெரியுமோ, அந்த நிறுவனம் மார்க்கைக் கூட்டுவதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டு பங்கு மதிப்பு, கணக்குக்கு ஒரு பங்கு. இப்போது ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தனித்தனியே அதிகபட்சம் 760. ஆங்கில மார்க்கை இரட்டித்து, கணக்கைக் கூட்டி, பத்தால் வகுக்க வேண்டும். மைதிலி என்று ஒரு பெண். ஆங்கிலத்தில் 720, கணக்கில் 680. ரகு என்று ஒரு பையன். ஆங்கிலத்தில் 680, கணக்கில் 720. மொத்தம் இருவருக்கும் 1,400. ஆனால் மைதிலிக்கு வருகிற எண் 212, ரகுவுக்கு 208. ஒரே மொத்தத்தில் நாலு எண் வித்தியாசம்! அரையிறுதிக் கோடும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நியூஜெர்ஸி, மாஸசூஸெட்ஸ் போன்ற இடங்களுக்கும் வியோமிங், வடக்கு டகோடா போன்ற இடங்களுக்கும் பத்துப் பன்னிரண்டு எண்ணுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஓரிடத்தில் ஜயித்தவள் பெட்டி படுக்கையுடன் இன்னோரிடத்துக்குப் போயிருந்தால் தோற்றிருப்பாள். 'தகுதி' என்று கல்லில் வெட்டி வைத்த ஒன்று இருப்பதாக நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். எதை எத்தனை பங்கு எண்ணுவது என்று நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்வதுதான்.

வெறும் பரீட்சை மார்க்கை நம்புவது பிடிக்காமல், கலிபோர்னியா சர்வகலாசாலை 2005-ல் இந்த நேஷனல் மெரிட் உபகாரச் சம்பளத்துக்குத் தன் பணத்தைக் கொடுப்பதை நிறுத்திக் கொண்டது. ஃபுளோரிடா மாகாணம் 1997-ல் தொடங்கிய 'பிரைட் ஃப்யூச்சர்ஸ்' உபகாரச் சம்பளத்துக்குப் பள்ளி மார்க்கும் வேண்டும், பரீட்சை மார்க்கும் வேண்டும், ஊருக்குச் சேவை செய்த மணிக் கணக்கும் கேட்டார்கள். பணம் வருவது லாட்டரிச் சீட்டிலிருந்து என்பது வேறு விஷயம்! ஜார்ஜியா மாகாணம் 1993-ல் இன்னொரு வழியில் ஆரம்பித்தது: பள்ளி மார்க்கு ஒன்றே. பிற்பாடு 2011-ல் பணத்தட்டு வந்ததும், முழுத் தொகை வேண்டுமானால் எஸ்.ஏ.டி.யும் வேண்டும் என்று சேர்த்தார்கள். ஒவ்வொரு மாகாணமும் வெவ்வேறு பக்கமிருந்து புறப்பட்டு, இரண்டும் வேண்டும் என்கிற இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பரீட்சையே கூடாது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாத்தியாருக்கு வேண்டியவர் வேண்டாதவர் உண்டு, கேள்வித்தாளுக்குக் கிடையாது. பெயர் தெரியாத பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கு அந்தக் கேள்வித்தாள் ஒரு வரப்பிரசாதம். ஆனால் பெண் வீட்டில் ஒரு நாள் ஜாங்கிரியைச் சாப்பிட்டுவிட்டு, நாலு வருஷக் குடித்தனம் எப்படி நடக்கும் என்று சொல்கிற மாமாவை நாம் எவ்வளவு தூரம் நம்புவோமோ, அவ்வளவு தூரம்தான் ஒரு நாள் பரீட்சையையும் நம்பலாம்.

இனி, பேரன் பேத்திகளை அமெரிக்காவில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் பார்க்கிற பாட்டிமார்களுக்கு இரண்டு வார்த்தை. பத்தாம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. சாதாரணமாக ஒத்திகைதான், உபகாரச் சம்பளத்துக்குக் கணக்கில் வருவது பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதுவது. பெயர் கொடுப்பது பள்ளிக்கூடத்தின் மூலமாகத்தான். சில பள்ளிகள் எல்லாரையும் தாமே சேர்த்துவிடும். சில பள்ளிகளில் பிள்ளையே போய்க் கேட்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பேத்தியாக இருந்தால் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே ஞாபகப்படுத்துங்கள். இப்போது பரீட்சை கம்ப்யூட்டரில்; இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தப்பு விடைக்கு வெட்டு இல்லை. ஆகையால் தெரியாத கேள்வியானாலும் காலியாக விடாமல் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அரையிறுதிக்கு வந்த செய்தி அடுத்த செப்டம்பரில் பள்ளித் தலைமை ஆசிரியருக்குத்தான் முதலில் போகும். வீட்டுத் தபால்பெட்டியைத் தினம் திறந்து பார்த்து ஏமாற வேண்டாம்.